ஆற்றிடைக்குறையின் பாட்டு: காவிரிக் கழனிகளின் நாட்டுப்புற இசை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஆற்றின் நடுவே அமைந்த மேட்டு நிலத்தைத் தமிழர் அரங்கம் என்றனர். ஆற்றிடைக்குறை என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. முக்கொம்பில் காவிரியை விட்டுக் கொள்ளிடம் பிரிய, இரண்டுக்கும் இடைப்பட்ட திருவரங்கம் அப்பெயராலேயே வழங்கி வருகிறது. ஆயினும் ஆற்றிடைக்குறை என்பது அவ்வோர் ஊரோடு முடிந்துவிடவில்லை. கல்லணையைத் தாண்டியதும் காவிரி ஒன்றாக ஓடுவதில்லை. வெண்ணாறு பிரிகிறது, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு, கோரையாறு, பாமணியாறு என விரல் விரித்தாற்போல் நீர் பரவுகிறது. ஓர் ஆற்றுக்கும் மறு ஆற்றுக்கும் இடையிலுள்ள நிலமெல்லாம், நுணுகி நோக்கின், ஓர் ஆற்றிடைக்குறையே. தஞ்சை நெல்வயல் நாடு என்பது இத்தகைய சிறு தீவுகளின் தொகுதி. அத்தீவுகளில் பிறந்த பாட்டுக்கும் பறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறும் அது விட்டுச் சென்ற செல்வமுமே இவ்வுரையின் பொருள்.

இந்த இசைக்கு மிகப் பழைய சான்று சிலப்பதிகாரத்தில் கிடைக்கிறது. புகாரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரிக்கரை வழியே மேற்கு நோக்கி நடக்கின்றனர். அந்நடையைக் கூறும் நாடுகாண் காதையில் இளங்கோவடிகள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லி அமையவில்லை. காதில் விழுந்ததையும் வரிசைப்படுத்துகிறார். நாற்று நடும் கடைசியர் களிப்பில் பாடும் விருந்திற்பாணி ஒன்று. ஏரைப் பூட்டி நிற்போர் பாடும் ஏர்மங்கலம் ஒன்று. அறுத்துக் குவித்த நெல்லைக் கடாவிட்டு அடிக்கும் களத்தில் எழும் முகவைப்பாட்டு ஒன்று. அதன்பின் கிணைப்பொருநரின் முழவோசை. உழவு, நடவு, களம் என்னும் வேளாண்மையின் மூன்று நிலைகளுக்கும் மூன்று பாட்டுகள் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளன. விருந்து என்பதற்குப் புதுமை என்பது பொருள். நடவுப்பாட்டை அடிகள் புதிய பாட்டு என்று அழைத்தது எண்ணத்தக்கது. வயலில் நிற்பவள் மனப்பாடமாக ஒப்பிப்பவள் அல்லள். அன்றன்று கட்டிப் பாடுபவள் என்பதை அவர் அறிந்திருந்தார். அக்காதையின் பயணம் ஆற்றிடைக்குறையாகிய அரங்கத்தை அடைந்து நிற்பதும் பொருத்தமான ஒன்றே.

நடவுப்பாட்டின் அமைப்பை நோக்கினால் இவ்வுண்மை மேலும் விளங்கும். நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்றை முடிகளாகக் கட்டிச் சேற்றில் வீசுவர். பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்தபடியே நடுவர். குனிந்த முதுகுக்கு நெடுமூச்சு இல்லை. ஆதலால் பாட்டின் அடியும் குறுகியது. முன்பாட்டுக்காரி ஓரடி எடுத்துக்கொடுக்க, மற்றவர் அதைத் திருப்பிப் பாடுவர். அவர்கள் திருப்பிப் பாடும் அந்த இடைவெளியில் அடுத்த அடி பிறந்துவிடும். வரிசை பிசகாமல் எல்லாக் கைகளும் ஒரே கதியில் இயங்கவும் அப்பாட்டே தாளம். தெய்வத்தை வாழ்த்தித் தொடங்கும் பாட்டு, வெயில் ஏற ஏற வரப்பில் குடையோடு நிற்கும் காரியக்காரர் பக்கம் திரும்பும். கூலியின் குறை, மரக்காலின் அளவு, பகலுணவின் நேரம் எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். நேரில் சொன்னால் தண்டனைக்கு உரியதாகும் சொல், பாட்டில் சொன்னால் வேடிக்கையாகிவிடும். ஒப்பாரியும் அத்தகையதே. இறந்தவரைப் பாடும் பாட்டில் இருப்பவளின் துயரம் அனைத்தும் ஏறிக்கொள்ளும். இறந்தவருக்காகப் பாடுகிறாள் என்பதால் அவளை எவரும் தடுப்பதில்லை.

பேச உரிமை இல்லாத இடத்தில் பாட உரிமை இருந்தது. கழனிப் பாட்டின் உயிர்நிலை இதுவே.

பாட்டின் வரலாறு இவ்வாறாக, பாடியவரின் வரலாறு வேறு வகையில் அமைந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதற்குக் கரி. முதலாம் இராசராசன் அக்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். ஒவ்வொருவரின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் உள்ளன. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர் ஆக 50 பேரின் பெயர்களும் அவ்வாறே வெட்டப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இசைவாணர்க்கு இத்துணை மதிப்பளித்த அரசு உலகில் அரிது. அதே கோயிலுக்கு நிலம் விடப்பட்ட ஊர்களின் பட்டியலில், வரி நீக்கிய நிலமாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. அங்கே ஒருவர் பெயரும் இல்லை. நிலத்தின் பெயர் மட்டுமே உண்டு. அந்த 100 கலம் நெல்லை நட்டும் அறுத்தும் களத்தில் அடித்தும் கொடுத்தவர்கள் பாடிய பாட்டு, கோயில் கணக்கில் ஏறவில்லை.

சேக்கிழார் இம்முரணைக் கண்டவர். அவர் காட்டும் திருநாளைப்போவார் கொள்ளிடக்கரை ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர். கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளிப்பது அவர் செய்த தொண்டு. சன்னிதியில் முழங்கிய முரசின் தோல் அவர் கொடுத்தது. அம்முரசு முழங்கிய சன்னிதிக்குள் அவர் நுழைய வழியில்லை. தமிழிசையின் வரலாற்றை ஒரே காட்சியில் கூற வேண்டின் இதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை.

எழுத்திலக்கியம் கழனிப் பாட்டை ஒதுக்கிவிட்டது என்று சொல்வதற்கும் இல்லை. பாடியவரை ஒதுக்கியது, பாட்டை எடுத்துக்கொண்டது. மணிவாசகர் தில்லையில் அருளிய திருப்பொற்சுண்ணம் உரலில் இடிக்கும் பெண்களின் பாட்டு வடிவம். திருவம்மானை, திருப்பூவல்லி, திருச்சாழல், திருவுந்தியார், திருப்பொன்னூசல் ஆகியன மகளிர் விளையாட்டிலும் வேலையிலும் வழங்கிய உருவங்கள். பிற்காலத்தில் பள்ளு, குறவஞ்சி, நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கியங்கள் சிந்தையும் கண்ணியையும் கும்மியையும் மக்களிடமிருந்து பெற்று மன்னர் அவைக்கும் கோயில் மண்டபத்துக்கும் கொண்டு சென்றன.

இவ்வழியில் தலையாய ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகைப் பக்கத்து நரிமணத்தில் பிறந்து, மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்து, 1896இல் மறைந்த அவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் கனராகங்களோடு நொண்டிச் சிந்தையும் இலாவணியையும் கழனி வழக்கையும் கலந்தார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தையும் படைத்தார். பண்ணைக்கு உடையவராகிய வேதியரே அப்பாத்திரம். நந்தன் சிதம்பரம் செல்லக் கேட்கும் விடுமுறை, அவர் காலத்துத் தஞ்சைப் பண்ணையாள் ஒவ்வொருவனும் கேட்கத் தயங்கிய விடுமுறைதான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் அந்நூலின் இலக்கணப் பிழைகளைக் கருதி முதலில் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கியதையும், பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு உருகி அளித்ததையும் உ.வே.சாமிநாதையர் எழுதியுள்ளார். ஏட்டில் பிழையாகத் தோன்றியது செவியில் நிறைவாக ஒலித்தது. நாட்டுப்புறப் பாட்டைக் கண்ணால் மட்டும் படிப்பவர் அனைவருக்கும் இந்நிகழ்ச்சி ஒரு படிப்பினை.

அந்நூல் 1861ஆம் ஆண்டையொட்டிக் காரைக்காலில், பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் அச்சேறியது. அரை நூற்றாண்டு கழித்து அதன் மெட்டுகள் மற்றொரு பாரதியின் கைக்கு வந்தன. கலெக்டர் விஞ்சும் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் ஒருவர்க்கொருவர் கூறுவனவாகச் சுப்பிரமணிய பாரதியார் இயற்றிய பாடல்கள் நந்தன் சரித்திர மெட்டுகளில் அமைந்தவை. ஆண்டையும் அடிமையும் பேசிய மெட்டில் அந்நிய ஆட்சியும் விடுதலை வீரரும் பேசினர். மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் எவர் ஆண்டை, எவர் நந்தன் என்பது மக்களுக்கு விளங்கிவிடும் என்று மகாகவி அறிந்திருந்தார்.

காரைக்காலின் பெயர் இவ்வரலாற்றில் இன்னொரு காரணத்தாலும் நிற்கிறது. நந்தன் கதை அங்கே அச்சான அதே காலத்தில்தான், புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறிக்கொண்டிருந்தனர். ஔரேலி என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவிலும், 1854 டிசம்பர் 24இல் குவாதலூப் தீவிலும் தமிழரை முதன்முதலாக இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் அவர்கள் மொழியை இழந்தனர், பெயர்களையும் இழந்தனர். ஆயினும் மாரியம்மன் வழிபாட்டிலும், நாடகம் என்னும் சொல் மருவிய நாத்ரோன் என்னும் கூத்திலும் மத்தளமும் தாளமும் தப்பும் தம் பழம்பெயர்களின் சாயலோடே ஒலித்து வந்துள்ளன. பொருள் மறந்த பின்னும் பாட்டை அவர்கள் மறக்கவில்லை. நாகப்பட்டினத் துறையிலிருந்து பினாங்குக்குச் சென்றவர்களும், தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து இலங்கையின் தேயிலை மலைகளுக்குச் சென்றவர்களும் அவ்வாறே பாட்டைச் சுமந்து சென்றனர். மலையகத்துக் கங்காணியைப் பழிக்கும் பாட்டு, தஞ்சை வரப்பில் நின்ற காரியக்காரரைப் பழித்த பாட்டின் உடன்பிறப்பு. அப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர் ஸி.வி.வேலுப்பிள்ளை. ஆற்றிடைக்குறையின் இசை கடலிடைத் தீவுகளில் வேர்கொண்ட வரலாறு இது.

தாயகத்தில் தொகுப்புப் பணி மெல்லவே நிகழ்ந்தது. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மாயூரம் பகுதித் திருச்சிற்றம்பலத்தைச் சேர்ந்த அறிஞர் மு.அருணாசலம் 1943இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’யை அளித்தார். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில ஆட்சிப்பணியாளர் திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, ‘மலையருவி’ என்னும் பெயரில் 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்டது. அரசர் சேர்த்த சுவடிகளைக் காக்கும் நூலகம் பாமரர் பாடலையும் அச்சிட்டது பாராட்டுக்குரியது. பேராசிரியர் நா.வானமாமலை அவர்களின் உழைப்பால் இத்துறை சமூக ஆய்வாக உயர்ந்தது. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபின் நாட்டுப்புறவியல் அங்கே ஒரு துறையாயிற்று. எனினும் அச்சேறிய தொகுப்புகள் பலவற்றில் பாட்டின் சொல் உண்டு, மெட்டு இல்லை. ஊர் உண்டு, பாடியவள் பெயர் இல்லை. பறைச்சேரி என்று மட்டும் குறித்த பழைய கணக்கின் வழக்கம் அச்சு நூலிலும் தொடர்ந்தது என்றே கூற வேண்டும்.

இனி, இவ்வவை கூச்சமின்றி எதிர்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி உண்டு. இந்த இசை பண்ணையடிமையின் நடுவே வளர்ந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த வயல்களில் அது பாடப்பட்டது. 1943இல் தஞ்சைக்கு வந்த பி.சீனிவாசராவ் போன்றோர் அமைத்த விவசாயச் சங்கம் அக்கொடுமைகளை எதிர்த்து நின்றது; 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. நெற்கூலியை உயர்த்திக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும் அதற்குக் காரணங்கள். மரக்கால் அளவைப் பற்றிப் பாட்டில் சொன்னவரைச் சிரித்துப் பொறுத்த நிலவுடைமை, கோரிக்கையாகச் சொன்னவரைப் பொறுக்கவில்லை. அவ்வாறாயின் அந்த வாழ்வோடு சேர்ந்து அந்தப் பாட்டும் போவதைப் பற்றி வருந்துவது தகுமா?

தப்பு என்னும் பறையைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. மரச்சட்டத்தில் கன்றின் தோலைப் போர்த்தி, வைக்கோல் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டி, அடிகுச்சியும் சுண்டுகுச்சியும் கொண்டு முழக்கும் அக்கருவிக்குச் சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி எனக் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அடிகள் பல. இது நுண்கலை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊரார் சாவுக்குக் கூலியின்றிக் கட்டாயமாக அடிக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆதலால் ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையைக் கீழே வைத்த இளைஞரும் உண்டு. ‘இது எங்கள் குரல்’ என்று அதையே மேடையில் ஏந்திய இளைஞரும் உண்டு. இருவரும் காத்தது ஒன்றையே: தம் மானத்தை. இன்குலாபின் ‘மனுசங்கடா’வைக் கே.ஏ.குணசேகரன் ஊர் ஊராகப் பாடியபோது அந்த இரு மறுமொழிகளும் ஒரு குரலில் ஒலித்தன. 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது, சேரியின் கருவிக்கு நாட்டின் மரியாதை கிடைத்தது. சாவுக்கு அடித்த முதியவர்களுக்கு அம்மரியாதை கிடைக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

அக்கேள்விக்கு விடை இதுவே: அடிமைத்தனம் ஆண்டையின் படைப்பு, பாட்டு பாடியவளின் படைப்பு. ஒன்று ஒழிய வேண்டும் என்பதால் மற்றதும் ஒழிய வேண்டும் என்பதில்லை. வயலில் எதுவும் தனக்குரியதாக இல்லாத ஒருத்திக்கு உரியதாக இருந்த ஒரே பொருள் அவள் பாட்டு. அதையும் அவள் பெயரில் எழுதாமல் விடுவது, அளவில் குறைத்த மரக்காலைப் போன்றதே.

இன்று பாட்டு நிற்பதற்குரிய காரணங்கள் வேறு. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் நீர்வரத்து முறைப்பட்டது. ஜூன் 12 என்னும் நாள் குறுவையின் நாளாயிற்று. 1960களில் தீவிர வேளாண்மைத் திட்டமும் ஆடுதுறையில் உருவான குறுகியகால நெல் இனங்களும் வயலின் காலக்கணக்கை மாற்றின. பின்னர் அறுவடை எந்திரம் களத்துப் பாட்டை நிறுத்தியது. நீர் தாமதமாகும் ஆண்டுகளில் உழவர் நேரடி விதைப்புக்கு மாறுகின்றனர். அங்கே நடவும் இல்லை, நடவுப்பாட்டும் இல்லை. பல ஊர்களில் நடவு எந்திரம் வந்துவிட்டது. வேறு சில ஊர்களில் வடமாநிலத் தொழிலாளர் குழுக்கள் வந்து நடுகின்றன. குனிந்த முதுகு நிமிர்ந்தது நல்லதே. ஆனால் குலவையிட்டு முதல் நாற்றை ஊன்றிய முன்பாட்டுக்காரிகள் முதுமை அடைந்துவிட்டனர். பாடுவதற்கு வரிசை இல்லாதபோது, திருப்பிப் பாடும் குரல் இல்லாதபோது, அவர்களின் நினைவும் மெல்லச் சுருங்குகிறது.

கம்பரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. தேரழுந்தூரில் தோன்றிய அக்கவிச்சக்கரவர்த்தி ஒரு நாள் ஏற்றம் இறைப்பவன் பாடிய ஓரடியைக் கேட்டாராம். வேலை முடிந்ததால் அவன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டான். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் எண்ணியும் பிடிபடவில்லை. மறுநாள் விடியலில் அவன் ஏற்றத்தில் ஏறிப் பாடக் கேட்டு வியந்தாராம். ‘ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை’ என்னும் பழமொழி இன்றும் வழங்குகிறது. கதை நிகழ்ந்ததா இல்லையா என்பது இங்கே பொருளன்று. தம் பெருங்கவிஞரையும் ஓர் உழைப்பாளியின் வாய்க்கு முன் காத்திருக்கச் செய்த மக்களின் மதிப்பீடு இதில் உள்ளது. அக்கதையிலும் ஏற்றக்காரனுக்குப் பெயர் இல்லை என்பதுதான் குறை.

ஆகவே, பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவந்த இவ்வட்டத்துக்கு ஒரு பணி முன்வைக்கத் தக்கது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் முன்பாட்டுக்காரி ஒருவரை, தப்புக் கலைஞர் ஒருவரை, ஒப்பாரி வல்லார் ஒருவரைக் கண்டு கேட்கலாம். இன்று ஒலிப்பதிவுக் கருவி இல்லாத கை இல்லை. பதிவில் சொல்லோடு மெட்டும், மெட்டோடு வேலையின் அசைவும், எந்த வாய்க்கால் பாசனம், எந்தப் போகம், எவர் எடுத்துக்கொடுத்தார், எவர் திருப்பிப் பாடினர் என்பதும் இடம்பெற வேண்டும். பாடியவர் இசைந்தால் அவர் பெயர் முதலில் நிற்க வேண்டும். தொகுத்தவர் பெயர் பின்னால் வரலாம். அவர் பாட மறுத்தால் அம்மறுப்பையும் மதிக்க வேண்டும். பாட்டுக்குப் பொருள் கொடுத்தால் அது நன்கொடையன்று, கூலி என்பதும் நினைவிருத்தல் நலம்.

கவிஞர்க்கு இதில் தன்னலமும் உண்டு. சிந்தும் கண்ணியும் கும்மியும் யாப்பு நூல்களில் இலக்கணமாகக் கிடைக்கின்றன. அவற்றின் மூச்சு வயலில்தான் கிடைத்தது. எங்கே அடி குறுக வேண்டும், எங்கே சொல் திரும்பி வர வேண்டும், எங்கே வேடிக்கைக்குள் வேதனையை ஒளிக்க வேண்டும் என்பதைக் குனிந்த முதுகோடு கற்றவர்கள் இன்னும் சிலர் இவ்வாறுகளின் கரைகளில் இருக்கின்றனர். அடுத்த ஆடிப் பதினெட்டுக்குள் அவர்களுள் சிலரையேனும் இவ்வட்டம் கேட்டிருக்குமாயின், இப்பத்தாம் ஆண்டு விழா பயனுடையதாகும்.